காற்று மெத்தைப் பக்கத்துப் பெட்டி

நாற்பத்தொன்று நாற்பத்திரண்டு ஆகிறவரைக்கும் சொர்ணபாய் மூச்சை விடவில்லை. ஆனபிறகு விட்டாள். விட்டபிறகு, இதென்ன கூத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் நூறு வருகிறதுக்குள் நான் அல்லவா போய்ச் சேர்ந்துவிடுவேன், அப்புறம் இந்த மனுஷனை யார் புரட்டிப் படுக்கவைப்பது என்று தன்னைத் தானே கடிந்துகொண்டு கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள், வைத்த கையோடு மறுபடி நிமிர்த்திப் பார்த்தாள். நாற்பத்திரண்டுதான். பிற்பகல் மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில் கால்வரைக்கும் வந்திருந்தது. கட்டிலில் அவள் வீட்டுக்காரர் அருமைநாயகம் மல்லாந்து கிடந்தார். அவருக்குக் கீழே காற்று மெத்தை ஒரு பக்கம் உப்பி ஒரு பக்கம் தணிந்து, பிறகு மாற்றி உப்பி மாற்றித் தணிந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க அந்த மெத்தைக்குக் காற்றடிக்கிற மோட்டார் ஐந்து மாதமாக இராப்பகலாய் ஓடுகிறது. அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலிமேல் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் அந்தப் பெட்டி. பெட்டி என்று சொல்வதே அதிகம். சோப்பு டப்பா. குளியலறையில் இருக்கிற சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் அதுதான் பெரிசாக இருக்கும். இதுவும் ஒரு கம்ப்யூட்டராம். இதற்கு இந்தப் பக்கம் பழைய ஹார்ட் டிஸ்க், அந்தப் பக்கம் புது ஹார்ட் டிஸ்க். பழையதில் இருக்கிறதையெல்லாம் எடுத்துப் புதியதில் வைக்கிறது, நூற்றுக்கு எவ்வளவு முடிந்தது என்று கைபேசியில் ஒரு எண்ணும் பச்சைக் கோடும் காட்டுகிறது. வைத்து முடித்தபிறகு வீட்டுக்குள் எந்தப் போனில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்குமாம், பூனாவில் இருக்கிற மகள் கேட்டாலும் கொடுக்குமாம், கப்பலில் இருக்கிற மகன் கிங்ஸ்லி துறைமுகத்துக்கு வந்து கேட்டாலும் கொடுக்குமாம். பேசாது, முனகாது, ஒரு சின்னப் பச்சை விளக்கை மட்டும் மினுக்கி மினுக்கிக் காட்டும். ஆண்டவரே, மனுஷனுக்கு எவ்வளவு புத்தியைக் கொடுத்திருக்கிறீர். நாற்பத்திரண்டு. பழைய டிஸ்க் உள்ளுக்குள் டிக் என்றது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவளுக்குப் பயம். அதைத் திறந்து சரிசெய்து கொடுத்த கடைக்காரர் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒருக்கா முழுசா ஓடும்மா, ரெண்டாவது ஓட்டத்துக்கு நான் வாக்கு சொல்லமாட்டேன், நடுவுல நின்னுட்டா அதோட சரி. அதோட சரி என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அதற்குள் அவருடைய குரல் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை.

ரேடியோவில் காலை ஜெபம் முடிந்ததும் மகள் ஹெப்சி போனில் வந்துவிட்டாள். எல்லாவற்றையும் அவளே பூனாவில் சேர்த்து, நாலு நாள் முன்னால் பார்சலில் அனுப்பியிருந்தாள். அம்மாவுக்குக் குழம்பக்கூடாது என்று ஒவ்வொரு வயரிலும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தாள். அந்தச் சிவப்பு நூலைப் பார்த்ததும் சொர்ணபாய்க்கு அடையாளம் தெரிந்தது, பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னக் கொடுத்தனுப்பிய உருண்டையில் மிச்சம் அது. பொழுது விடிந்து பொழுது போனால் கணக்கும் கம்ப்யூட்டருமாய்க் கிடக்கிற பிள்ளைக்கு நூலைச் சேர்த்து வைக்கிற குணம் எங்கிருந்து வந்தது. "சேப்பு நூல் கட்டுன வயரை எடும்மா. எடுத்தியா?" "எடுத்துட்டேன்ளா." "பெட்டியில நீலமா ஒரு ஓட்டை இருக்கு பாரு, அதுல சொருவு. அமுக்காத." "போமாட்டேங்கு." "திருப்பிப் பிடி." "திருப்பிப் பிடிச்சாலும் போமாட்டேங்கு." "இன்னொருக்கா திருப்பு." "மொதல்ல பிடிச்ச மாதிரியேதான் இருக்கு. இப்பப் போயிட்டே." "எல்லாருக்கும் அப்படித்தான்மா, நான் தெனமும் இதே பாடுதான்." பத்தாம் வகுப்போடு நின்றவள் தானும், அவ்வளவு படித்த மகளும் அந்த ஓட்டைக்கு முன்னால் ஒன்று என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு மெமரி கார்டு. சுண்டுவிரல் நகம் அளவு. அதில்தான் பெட்டியின் மூளை முழுக்க எழுதியிருக்கிறது என்று ஹெப்சி சொன்னதும் இன்னொரு கையை அதற்குக் கீழே ஏந்திக்கொண்டாள். காணிக்கைப் பையில் காசு போடுகிற மாதிரி, சத்தம் கேட்காமல், உள்ளே தள்ளினாள். "எப்பவுமே ஆஃப் பண்ணாத பிளக் வீட்ல எதும்மா?" யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அப்பா மெத்தை பிளக்தான். அதுதான் இன்வர்ட்டர்ல இருக்கு." "அப்ப அதுக்குப் பக்கத்துலேயே வை." அதனால்தான் பெட்டி இந்த அறைக்கு வந்தது. இணையம் வருகிற மோடம் கூடத்தில் டிவிக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து நீல வயர் ஒன்று சுவரோரமாக, கதவு நிலைக்குக் கீழே நுழைந்து, கட்டிலடிக்கு ஓடிவந்தது. டிவிக்கும் மோடத்துக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்த அருமைநாயகம் தன் கையாலேயே வயர் இழுத்துப் போட்டது. சாயங்காலம் ஆறரைக்கு வேதக்கோவில் மணி அடித்தால் அந்த ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், வீட்டில் படம், பாட்டு, நெட்டு எல்லாம் ஒன்றாக வாயை மூடும். ஜெப சுவிட்ச் என்று பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்திருந்தன. கடைசி ஓவரில் இரண்டு பந்து பாக்கியிருக்கும்போது கிங்ஸ்லி அந்தச் சுவிட்சுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றதும், ரெண்டு பந்துக்கு ஆண்டவர் காத்திருக்கணுமாடா என்று அவர் கேட்டதும். கேட்டது தெரிகிறது. எப்படிக் கேட்டார் என்பது காதுக்கு வரவில்லை.

நாற்பத்தேழு. பெட்டிக்கு விலாசம் கொடுத்ததைத்தான் அவளால் இன்னும் நம்ப முடியவில்லை. எல்லாம் மாட்டி முடித்து அவள் முந்தானையால் பெட்டியின் தூசியைத் துடைப்பதற்குள், "வந்துட்டும்மா, முப்பத்தேழு" என்றாள் ஹெப்சி. "என்னது முப்பத்தேழு?" "வீட்டுக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. உன் போனுக்கு ஒண்ணு, டிவிக்கு ஒண்ணு. இப்பப் பெட்டிக்கு முப்பத்தேழு." "யாருளா குடுத்தா?" "மோடம்தான். புதுசா யாரு வந்தாலும் அதுவே கூப்பிட்டுக் குடுத்துரும்." இவ்வளவு காலம் இந்த வீட்டைப் பெருக்கித் துடைத்தவள், இன்ன மூலையில் இன்ன சாமான் என்று இருட்டில் கைவிட்டு எடுப்பவள், வீட்டுக்குள்ளேயே ஒரு தெரு இருப்பதையும் அதில் ஒவ்வொன்றுக்கும் கதவிலக்கம் இருப்பதையும் அறியவில்லையே. ஒரு பொருள் வாசல்படி தாண்டி வந்த மாத்திரத்தில், யாரும் சொல்லாமல், அது வந்திருக்கிறது என்று ஒன்று அறிந்து, அதற்கு ஒரு அடையாளம் கொடுத்து, இனி நீ இந்த வீட்டுப் பிள்ளை என்று சேர்த்துக்கொள்கிறது. ஞானஸ்நானத்துக்குக்கூட சபை ஐயருக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்கவேண்டும். கடைசியில் கடவுச்சொல். "உனக்கு மட்டும் தெரிஞ்ச வார்த்தையா வையிம்மா. பிறந்த நாள் வேண்டாம். வசன நம்பரும் வேண்டாம், நம்ம சபையில பாதிப் பேரு அதைத்தான் வச்சிருக்காங்க." தனக்கு மட்டும் தெரிந்த வார்த்தை. அப்படி ஒன்று அவளிடம் என்ன இருக்கிறது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். பிறகு ஒன்று நினைவு வந்தது, வந்ததும் இந்த வயதிலும் காதோரம் சூடேறியது. பெண் பார்க்க வந்த அன்று அவள் அடுக்களையில் பனங்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி மூன்றாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, 'ஏ கிழங்கு' என்று கூப்பிட்டார். பிள்ளைகள் முன்னால் ஹெப்சி அம்மா. விருந்தாளி முன்னால் இவங்க. யாரும் இல்லையென்றால் கிழங்கு. முப்பத்தாறு வருஷத்தில் ஒருவர் காதிலும் விழாமல் காப்பாற்றிய பெயர். ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினாள், ஒவ்வொரு எழுத்தும் புள்ளியாகி மறைந்தது, அதுவும் நல்லதுதான். "என்னம்மா இவ்வளவு நேரம், வேதபாடமா எழுதுத?" என்றாள் மகள். "ஒன் வேலையப் பாருளா" என்றாள் இவள்.

ஏ கிழங்கு. அவள் கண்ணை மூடி அவர் குரலில் அதைக் கேட்கப் பார்த்தாள். வந்தது. ஆனால் அவள் குரலில் வந்தது. மறுபடி பார்த்தாள், ஏ என்பதை அவர் கொஞ்சம் இழுப்பார், அந்த இழுப்பு நினைவிருக்கிறது, கிழங்கு என்பதில் ஒரு சிரிப்பை அடக்குவார், அதுவும் நினைவிருக்கிறது, இழுப்பும் சிரிப்பும் இருக்க நடுவில் இருக்கவேண்டியது மட்டும் இல்லை, கரை தெரிகிறது தண்ணீர் இல்லை. ஐந்து மாதம். ஐந்து மாதத்தில் ஒரு குரல் எங்கே போகும். புரட்டாசி வெயிலில் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் ரசத்தை ஊற்று என்று சொல்ல வாயெடுத்தார், வாய் ஒரு பக்கமாகப் போயிற்று, வலது கை தட்டின்மேல் விழுந்தது. ரசம்தான் கடைசி வார்த்தை, அதுவும் பாதி. ஆஸ்பத்திரியில் எவ்வளவு புரியும் எவ்வளவு புரியாது என்று எங்களாலும் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். அவருடைய தங்கை லீதியாள் போன மாதம் வந்து இரண்டு நாள் இருந்தாள். பேசிப் பார்த்தாள், பாடிப் பார்த்தாள், சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறபோது வாசலில் நின்று, "மைனி, மனசத் தேத்திக்கிடுங்க. அண்ணன் உள்ளுக்குள்ள இல்ல. ஒடம்புதான் கெடக்கு" என்றாள். கெட்டவள் இல்லை லீதியாள். அழுதுகொண்டுதான் சொன்னாள். அன்றிலிருந்து சொர்ணபாய் அவருக்கு வாய் துடைக்கும்போதெல்லாம் கண்ணுக்குள் பார்ப்பாள், இருக்கீங்களா என்று. ஐம்பத்தொன்று. பார், நினைத்துக்கொண்டே இருந்ததில் நாலு எண் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்தால் நகராது, பாராமல் இருந்தால் ஓடும், சோறு வேகிற மாதிரி. போட்டோவில் அவர் இருந்தாலாவது போட்டோவைப் பார்த்து ஆறுதல் அடையலாம். கல்யாணப் போட்டோவை விட்டால் எந்தப் போட்டோவிலும் அவர் இல்லை. அவருடைய தம்பி துபாயிலிருந்து ஒரு வீடியோ கேமரா வாங்கிவந்து கொடுத்த நாளிலிருந்து, பிறந்த நாள், பிள்ளைகளின் திடப்படுத்தல் ஆராதனை, கிறிஸ்துமஸ், கோவில் அசனச் சாப்பாடு, எதுவானாலும் அவர் கேமராவுக்குப் பின்னால்தான். வலது கையில் கேமரா. இடது கையின் இரண்டு விரலை மடக்கி மடக்கி ஆட்களை நகர்த்துவார். இந்தப் பக்கம், இன்னும், வெளிச்சத்துக்கு வா, போதும். ஊர் மொத்தமும் அந்த இரண்டு விரலுக்கு நகர்ந்திருக்கிறது. ஒருமுறை பிஷப்பையே நகர்த்திவிட்டார். அதனால் அவ்வளவு வீடியோவிலும் எல்லோரும் இருக்கிறார்கள், அவர் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. கேமராவுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து, எல்லாருடைய குரலையும்விடப் பெரிசாக, அவருடைய குரல்.

நாலு மணிக்கு அவரைப் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்து, முதுகில் பவுடர் தடவி, வாயில் இரண்டு கரண்டி கஞ்சி. புரட்டும்போது முக்காலியில் இடித்துவிடக் கூடாதே என்று வயிற்றை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகவே நின்று செய்தாள், எத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்படி வயிற்றை உள்ளிழுக்கிறாள். டிக். டிக் டிக். கஞ்சிக் கரண்டி பாதி வழியில் நின்றது. எண் ஐம்பத்தெட்டிலேயே வெகுநேரமாக இருக்கிற மாதிரி இருந்தது. ஹெப்சிக்கு ஒரு செய்தி அனுப்பலாமா, வேலை நேரம், அவள் மேலாளர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். யோசித்து முடிப்பதற்குள் ஹெப்சியிடமிருந்தே வந்தது. பயப்படாதே அம்மா, போட்டோக்கள் நிறைய இருக்கின்றன, அதனால் மெதுவாகப் போகிறது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொர்ணபாய் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இங்கே இந்தக் கட்டிலடியில் டிக் என்கிற சத்தத்துக்கு இவள் கரண்டியை நிறுத்திய அதே நிமிஷத்தில் அங்கே ஒரு பிள்ளை அதே எண்ணைப் பார்த்துப் பயப்படாதே என்கிறது. கேட்பதற்கு முன்னாலேயே பதில். முழங்காலில் நிற்கும்போது இதைத்தானே அவள் நாற்பது வருஷமாக நம்பினாள், நாம் வாய் திறப்பதற்கு முன்னால் அங்கே தெரிந்திருக்கும் என்று. நம்பினாளே தவிர, இப்படித்தான் இருக்கும் போல என்று இன்றைக்குத்தான் உடம்பில் பட்டது. நீல வயரைப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது. அதற்குள் ஒன்றும் நகர்கிற மாதிரி தெரியவில்லை. காற்று மெத்தை உப்பித் தணிந்தது, அவர் மார்பு ஏறி இறங்கியது, பச்சை விளக்கு மினுக்கியது. மூன்றும் மூன்று தாளத்தில் போய்க்கொண்டிருந்து எப்போதாவது ஒரு தரம் ஒன்றாகச் சேர்ந்தன. சேரும்போது அவளுக்கு ஏனோ புல்லரித்தது. அறுபத்தைந்தில் போட்டோக்கள் முடிந்து வீடியோக்கள் தொடங்கின. ஐந்தேகாலுக்கு எழுபத்திரண்டு. துணி எடுக்கப் போனபோதும் கைபேசியோடு போனாள், கொடியில் கைபேசியை இடுக்கிவைத்துவிட்டுத் துணியை இடுப்பில் செருகப் பார்த்தாள். ஆறு மணிக்கு எண்பத்தைந்து. இனி ஒன்றும் ஆகாது என்று மனது சொன்னது. அப்படிச் சொன்ன மனதை அவள் உடனே அடக்கினாள், இன்னும் ஆகவில்லை, ஆகிறவரைக்கும் ஆகும் என்று சொல்லாதே.

கோவில் மணி அடித்தது. அவள் அப்போது அடுக்களையில் பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். பாலை இறக்கி, மூடி, கைகழுவி, முந்தானையைத் தலைக்குமேல் இழுத்து விட்டுக்கொண்டு, கூடத்தைக் கடந்து, கடக்கும்போது சுவரில் கை தட்டிவிட்டு, படுக்கையறைக்குள் வந்து கட்டிலோரம் முழங்காலிட்டாள். ஐந்து மாதமாக ஜெபம் இங்கேதான். அவருடைய இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்குச் சூடு உண்டு, கொடுத்தால் டம்ளரைப் பிடிக்கும், ஆனால் தானாக ஒன்றும் செய்யாது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, இந்தப் பகல் முழுவதும் காத்தீரே, கப்பலில் இருக்கிற பிள்ளையைத் தண்ணீரின் மேல் காத்தருளும், பூனாவில் இருக்கிற பிள்ளையையும் மருமகனையும் பேத்தியையும் காத்தருளும், லீதியாளின் மூட்டு வலியை எடுத்துப் போடும், இவருடைய நாவின் கட்டை அவிழ்த்துவிடும், அவிழ்க்கச் சித்தமில்லையானால் இவர் உள்ளே இருக்கிறாரா என்பதையாவது எனக்கு. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனாள். அந்தப் பெட்டியையும் ஆசீர்வதியும் ஆண்டவரே, காலையிலிருந்து ஒரு நிமிஷம் நிற்காமல் ஓடுகிறதே, அதை நடுவில் நிற்காமல். நிற்காமல். நிற்காமல் என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. கை. கூடத்தைக் கடக்கும்போது சுவரில் தட்டியது கை. அவள் மனது பாலோடு இருந்தது, கால் வழியில் இருந்தது, மணி அடித்ததும் கை மட்டும் தனியாகப் போய் இருபத்தைந்து வருஷமாகச் செய்கிறதைச் செய்துவிட்டு வந்திருக்கிறது. ஜெப சுவிட்ச். மோடம் அணைந்து எவ்வளவு நேரமாயிற்று. பிள்ளைகளைக் காத்தருளும், லீதியாள் மூட்டுவலி, அத்தனை நேரம். மூடிய கண்ணைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. திறந்தால் நடந்ததாகிவிடும். மூடியிருக்கிறவரைக்கும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு கண்ணைத் திறந்து கட்டிலோரம் கிடந்த கைபேசியைப் பார்த்தாள். எண் இல்லை. பச்சைக் கோடு இல்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே இணைப்பு இல்லை என்று எழுதியிருந்தது.

நடுவுல நின்னுட்டா அதோட சரி. அவளே நிறுத்தினாள். திருடன் வரவில்லை, இடி விழவில்லை, ஜெபத்துக்குப் போகிற வழியில் தன் கையாலேயே. இதை யாரிடம் போய்ச் சொல்லுவது. பிள்ளைகளிடம் என்ன சொல்லுவது, உங்கள் அப்பா குரலை நான் அணைத்துவிட்டேன் என்றா. ஆண்டவரே, உம்முடைய நேரத்துக்காகத்தானே அணைத்தேன் என்று ஒரு எண்ணம் கோபமாக எழும்பியது, எழும்பிய வேகத்திலேயே வெட்கப்பட்டு உட்கார்ந்தது. ஓடிப்போய் சுவிட்சைப் போடலாம். போட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லுமோ, இரண்டாவது ஓட்டத்துக்கு வாக்கு இல்லையே, போடாமல் இருந்தால் இன்னும் மோசமோ. அவருடைய கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது, இந்தக் கைக்கு நான் என்ன பதில் சொல்வேன். அப்போதுதான் அவருடைய கைக்கு அப்பால், மெத்தை மோட்டாருக்கு மேலே, இருட்டத் தொடங்கிய மூலையில், அது தெரிந்தது. மினுக். நின்றது. மினுக் மினுக். அவள் நம்பவில்லை. கண்ணீரில் வெளிச்சம் உடைந்து அப்படித் தெரிகிறதோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தாள். மினுக். காதைப் பழைய டிஸ்கின்மேல் வைக்கிற அளவுக்குக் குனிந்தாள். உள்ளே விர்ரென்று, ரொம்ப மெல்லிசாக, தேனீ மூடிய கைக்குள் சுற்றுகிற மாதிரி. டிக் என்றது. விர்ரென்றது. கைபேசி மணி அடித்தது, நெட்டில் வருகிற அழைப்பு அல்ல, சாதாரண அழைப்பு. "அம்மா, என்னாச்சு? எனக்கு இங்க ஒண்ணுமே தெரியலயே. கரண்டு போயிட்டா?" "நான்தாம்ளா அமத்திட்டேன்." "எதை?" "ஜெபத்துக்கு." "ஜெப சுவிட்சா?" "கை தானாப் போயிட்டு மக்கா." "பெட்டியில பச்சை லைட் இருக்கா?" "மினுக்குது." "மினுக்குதா, சும்மா எரியுதா?" "மினுக்குது, மினுக்குது." ஹெப்சி சிரித்துவிட்டாள், அழுகிற மாதிரியும் இருந்தது. "அப்ப ஒண்ணும் ஆகல. நெட்டு நாம பாக்கத்தாம்மா. அது இல்லன்னா நமக்குத்தான் தெரியாது. பெட்டிக்கு என்ன, அது உள்ளுக்குள்ள அது பாட்டுக்குச் செஞ்சிக்கிட்டேதான் இருக்கும்."

மகள் சொன்னது சொர்ணபாயின் காதுக்குள் போய் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அது இல்லையென்றால் நமக்குத்தான் தெரியாது. அவள் கட்டிலைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள், மறுபடி கட்டிலைப் பார்த்தாள். "அம்மா? இருக்கியா? போய் மோடத்தப் போடு." "ஜெபம் பாதியில நிக்கிளா. முடிச்சிட்டுப் போடுதேன்." "சரி. நானும் இங்க தலையக் குனிஞ்சிக்கிடுதேன். சத்தமாச் சொல்லு." கைபேசியைத் தலையணைமேல் வைத்துவிட்டு அவள் மிச்ச ஜெபத்தைச் சொன்னாள், மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை, கேட்கவேண்டியதைக் கேட்க இப்போது வார்த்தை வரவில்லை, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றே வந்துகொண்டிருந்தது. ஆமென் என்றாள். ஆமென் என்றது பூனா. பிறகு எழுந்து போய், எந்தக் கை அணைத்ததோ அந்தக் கையாலேயே சுவிட்சைப் போட்டாள். எண் திரும்பி வந்தபோது தொண்ணூற்றாறாக இருந்தது. தொண்ணூறைத் தாண்டும்போது அவள் பார்க்கவேயில்லை, யாருமே பார்க்கவில்லை, அது தாண்டியிருந்தது. ஏழு மணிக்கு நூறு. பழைய டிஸ்க் அதற்குமேல் ஒரு தரம் டிக் என்றுவிட்டு அடங்கியது. "நாலு வீடியோ வரல. மத்தது எல்லாம் வந்துட்டு" என்றாள் ஹெப்சி. நாலு போகட்டும். எந்த நாலு என்று அவள் கேட்கவில்லை. "இப்பப் பாக்கியா? நான் வைக்கட்டுமா, இல்ல கூட இருக்கட்டுமா?" "நீ வையி மக்கா. அப்பாவும் நானும் பாத்துக்கிடுதோம்."

கடவுச்சொல் கேட்டது. கிழங்கு என்று தட்டினாள். வீடியோ என்ற கட்டத்தைத் தொட்டதும் சின்னச் சின்னப் படமாக வரிவரியாக நின்றன, எண்ணமுடியவில்லை, சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இத்தனை நாட்கள். எல்லாவற்றிலும் முதலாவதாக இருந்ததைத் தொட்டாள். அது எந்த விசேஷமும் இல்லை. கேமரா வந்த அன்று, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எடுத்தது போல. இதே கூடம், பழைய நீலச் சுவர், ஒருவரும் இல்லை. அடுக்களைப் பக்கமிருந்து ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்து திகைத்து நின்றாள், அது யார் இவ்வளவு ஒல்லியாக என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் தன்னைத் தெரிந்துகொண்டாள். அப்போது கைபேசிக்குள்ளிருந்து, ரொம்பப் பக்கத்திலிருந்து, அது வந்தது. "ஏ கிழங்கு. இருட்டுல நிக்காத. இந்தப் பக்கம் வா." இழுப்பு, சிரிப்பு, நடுவில் இருக்கவேண்டியதும். "சும்மா இருங்க, யாரு காதுலயாவது விழப்போவுது" என்றாள் அந்த ஒல்லிப் பெண். "யாரும் இல்ல. வா. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், போதும்." படம் ஒரு ஆட்டம் ஆடி நின்றுவிட்டது. அவ்வளவுதான். அவள் கட்டிலுக்கும் சுவரில் எரிந்த டியூப்லைட்டுக்கும் நடுவில், அவருக்கு முகம் தெரியாதபடி, விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அவர் கைபேசியைப் பார்க்கவில்லை. கூரையையும் பார்க்கவில்லை. அதைத் தாண்டி அவள் முகம் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுதா என்றாள். காற்று மெத்தை ஒரு பக்கம் உப்பித் தணிந்தது. அது உப்பியதால்தான் கை அசைந்தது என்று முதலில் நினைத்தாள். தணிந்தபிறகும் அசைந்தது. போர்வைமேல் கிடந்த இடது கை ஒரு விரற்கடை உயர்ந்து, இரண்டு விரல்கள் மட்டும் மடங்கி, நிமிர்ந்து, மறுபடி மடங்கின, ஜன்னல் பக்கமாக, விளக்குப் பக்கமாக. அவள் ஒரு அடி நகர்ந்தாள். விரல்கள் மறுபடி மடங்கின. இன்னொரு அடி. டியூப்லைட் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது, கண்ணில் விழுந்தது, முகம் முழுக்க விழுந்தது. விரல்கள் நின்றன. அவள் அங்கேயே, அவர் நிறுத்திய இடத்தில், அசையாமல் நின்றாள்.